இரண்டாம் அட்டை தேடுவோருக்கு ஒரு கணக்குப்பிள்ளையின் மடல்

திண்டிவனம் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும், கிரெடிட் கார்டு என்னும் கடன் அட்டையால் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டு, மறுபடியும் ஓர் அட்டை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் மாதச் சம்பளக்காரர்களுக்கும்,



உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். இந்த ஊர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டியொன்றில் முப்பத்தெட்டு வருஷம் சிட்டையும் பேரேடும் எழுதிவிட்டு, கண் மங்கிய பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்ட கணக்குப்பிள்ளை நான். கடையடைத்த பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து, கைபேசியை நீட்டி, ‘ஐயா, சிபில் இவ்வளவுதான் காட்டுகிறது, அடுத்து எந்தக் கார்டுக்கு மனுப் போடலாம்?’ என்று நீங்கள் கேட்பதும், ஒவ்வொருவருக்கும் அதே பதிலை நான் சொல்லுவதும் சில காலமாக வழக்கமாகிவிட்டபடியால், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மடல் எழுதிவிடுவது இரு தரப்பாருக்கும் சிரமத்தைக் குறைக்கும் என்று தோன்றிற்று. தவிர, வெட்கத்தினால் என்னிடம் வராமலே இருப்பவர்கள் வந்தவர்களைக் காட்டிலும் அதிகம் என்பதை நான் அறிவேன். இம்மடல் முக்கியமாக அவர்களுக்கு.

நம் பாஷையில் நாணயம் என்ற ஒரே சொல் கையிலுள்ள காசையும் குறிக்கும். சொன்ன தவணையில் திருப்பிக் கொடுக்கும் குணத்தையும் குறிக்கும். நான் மண்டியில் சேர்ந்த காலத்தில், விதை வாங்க முன்பணம் வேண்டுமென்று மயிலம் பக்கத்திலிருந்தோ வெள்ளிமேடுபேட்டைப் பக்கத்திலிருந்தோ ஒரு குடியானவர் வந்து நின்றால், முதலாளி அவரிடம் பத்திரம் கேட்கமாட்டார். மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் அதே ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து, ‘ஆள் எப்படி?’ என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்த மனிதர் தலையசைத்த விதத்திலேயே முன்பணத்தின் அளவு நிச்சயமாகிவிடும். அண்டை அயலாரின் சாட்சியமே கடனுக்கு ஈடு என்னும் இக்கொள்கையைச் சர்க்காரும் ஒரு காலத்தில் சட்டமாக்கிற்று. சென்னை ராஜதானியின் விவசாயிகளை லேவாதேவிக்காரர்களிடமிருந்து விடுவிக்க மார்க்கம் உண்டா என்று ஆராய நியமிக்கப்பட்ட பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி, ஜெர்மனியில் ரைபைசன் ஏற்படுத்திய கிராமக் கடன் சங்கங்களை விஸ்தாரமாக ஆராய்ந்து அறிக்கை எழுதிய சில ஆண்டுகளில், 1904ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஒருவனுடைய யோக்கியதை அவனுடைய ஊராருக்குத்தான் தெரியும் என்பதே அச்சங்கங்களின் அஸ்திவாரம்.

அந்த ஊரார் இருந்த இடத்தில் இப்பொழுது ஒரு பேரேடு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் சிபில் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது; 2005ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது; இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள், கடன் வாங்கிய நம் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் கட்டவேண்டியதை எந்தத் தேதியில் கட்டினோம் என்பதைப் பதிந்து, அதையெல்லாம் வடிகட்டி 300 முதல் 900 வரை ஓர் எண்ணாகச் சொல்லுகின்றன. மண்டிப் பேரேட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மழை பொய்த்தது, வீட்டில் சாவு விழுந்தது என்று ஒருவர் வந்து சொன்னால், முதலாளி பெருமூச்சு விட்டு, பாக்கியை அடுத்த அறுவடைக்குத் தள்ளி எழுதச் சொல்லுவார். புதிய பேரேடோ ஏன் தவறினாய் என்று கேட்பதேயில்லை, எத்தனை நாள் தவறினாய் என்று மட்டும் எண்ணுகிறது. காரணத்தைக் கேளாத ஒருவரிடம் நல்ல பெயர் வாங்க ஒரே வழி தேதியைக் காப்பதுதான். ஆகையால், அடுத்த அட்டையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதுவே: உங்களால் தவறாமல் தேதியைக் காக்க முடிகிற அட்டை எதுவோ அதுவே உங்களுக்கு ஏற்ற அட்டை. இனி எழுதுவதெல்லாம் இதற்கு வியாக்கியானம்.

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுவது தர்மம். மண்டி வேலையின் கடைசி வருஷங்களில், கௌரவத்துக்காக என்றே சொல்லவேண்டும், நானும் ஒரு வங்கியின் அட்டையை வாங்கி வைத்திருந்தேன். மனைவியின் வைத்தியச் செலவில் அதன் பாக்கி 34,000 ரூபாயில் வந்து நின்றது. சில மாதம் நான் தத்தளித்த பிறகு, ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 18,000 ரூபாயை ஒரே தடவையாகக் கட்டினால் ‘செட்டில்மென்ட்’ செய்து கணக்கை முடித்துவிடலாம் என்று இனிமையாகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் கணக்கெழுதியவன், அதை ஆடித் தள்ளுபடி போன்ற ஒரு சலுகையென்று நினைத்து, சந்தோஷத்துடன் கட்டினேன். இரண்டு வருஷங்கழித்து மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கத் தவணைக் கடன் கேட்கப் போனபோது, அங்கிருந்த அதிகாரி கணிப்பொறியின் முகத்தை என் பக்கம் திருப்பி, ‘செட்டில்டு’ என்றிருந்த ஒரு வார்த்தையைச் சுட்டிக்காட்டினார். கடன் முழுவதும் அடைந்து முடிந்தது என்பதற்குரிய வார்த்தை வேறு; கொடுத்தவர் ஒரு பங்கை நஷ்டமாக எழுதிவிட்டு, கிடைத்ததைப் பெற்றுக்கொண்டார் என்பதற்குரிய வார்த்தைதான் அது. மீதித் தொகையைப் பிறகு கட்டி, பாக்கியில்லை என்ற சான்றைப் பெற்று, பதிவைத் திருத்தச் செய்வதற்குள் எனக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஆகவே, புதிய அட்டைக்கு மனுப் போடுமுன் பழைய பேரேட்டைப் படியுங்கள். நான்கு நிறுவனங்களில் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடாமல், தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று முறை வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கொரு தடவை காசில்லாமல் உங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நீங்களே பார்ப்பதனால் எண் குறையுமென்று சிலர் பயப்படுகிறீர்கள், குறையாது. அதில், அடைத்த கடன் அடையாததாகக் காட்டியிருக்கலாம். நீங்கள் வாங்காத கடனே உங்கள் பெயரில் இருக்கலாம். அப்படியானால் அந்த நிறுவனத்துக்கோ கடன் கொடுத்தவருக்கோ எழுதுங்கள். முறையீட்டை முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் உங்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, அது மறு ஆண்டு ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. பதிவு உண்மையாக இருந்தால், அதைக் காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருவதாகச் சொல்லும் எந்தத் தரகரையும் நம்பாதீர்கள். உண்மையை அழிக்கும் உரிமை அவருக்கு இல்லை, உங்கள் ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் வைத்து வேறு காரியம் செய்யும் சாமர்த்தியம் மட்டும் இருக்கலாம்.

இனி அட்டைக்கு வருவோம். எண் தாழ்ந்திருக்கும் ஒருவருக்கு ஈடில்லாத அட்டையை எளிதில் கொடுக்கமாட்டார்கள், மனுவை நிராகரிப்பார்கள், நிராகரித்தாலும் விசாரித்த தடயம் பேரேட்டில் நிற்கும். ஒருவர் மறுத்தால் அடுத்தவர், அவர் மறுத்தால் மூன்றாமவர் என்று ஒரே மாதத்தில் ஐந்து இடத்தில் மனுப் போடுகிறவர், கடைவீதியில் ஐந்து கடையில் கைமாற்றுக் கேட்டவரைப் போல் எல்லோர் கண்ணிலும் பட்டுவிடுகிறார். இந்நிலையில் இருப்பவருக்கு உகந்தது வைப்புத் தொகையின் பேரில் தரப்படும் அட்டை. ஒரு வங்கியில் எஃப்.டி. என்னும் நிரந்தர வைப்பைப் போட்டு, அதை ஈடாக வைத்தால், அதில் பெரும்பாலும் முக்கால் பங்கு முதல் முழுப் பங்கு வரையில் வரம்பு வைத்து அட்டை தருவார்கள்; வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஸ்டேட் வங்கிக் குடும்பத்தின் ‘உன்னதி’ போன்ற பெயர்களில் இவை வழங்குகின்றன. பல வங்கிகளிலும் உண்டு. கணக்கு வைத்திருக்கும் கிளையிலேயே கேட்கலாம். பேரேட்டில் இது மற்றக் கடன் அட்டைகளைப் போலவே மாதாமாதம் பதிவாகிறது என்பதே இதன் பிரயோஜனம்.

இதை உங்களுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். நம்மூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து, இந்த ஊரின் பெயரையே ‘டி.எம்.வி.’ என்ற மூன்றெழுத்தாகச் சுமந்துகொண்டு தேசமெங்கும் போன மல்லாட்டை ரகங்களை அறிவீர்கள். எந்த ரகமானாலும், விதைக்கென்று எடுத்து வைத்ததை ஒரு கஷ்டகாலத்தில் உடைத்துத் தின்றுவிட்ட குடியானவர், மறு வருஷம் ஐந்து காணிக்கு விதை தேடி அலைவதில்லை. கிடைத்த கொஞ்சத்தை ஒரு காணியில் போட்டு, அந்த மகசூலை விதையாக்கிக்கொள்ளுகிறார். எஃப்.டி. அந்த ஒரு காணி விதை. பத்தாயிரமோ இருபதாயிரமோ, அவசரத்துக்கு வேண்டாத பணமாக அது இருக்கட்டும்.

ஆனால் ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கவேண்டும். ஈடு இருக்கிறதே, கட்டாவிட்டால் வங்கியே அதில் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கி எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் மாதக் கணக்கில் தவறிய பிறகே எடுக்கும். அத்தவறுதல்கள் ஒவ்வொன்றும் அதற்குள் பேரேட்டில் ஏறியிருக்கும். விதையும் போய், பெயரும் போய், முன்னிலும் கீழான இடத்தில் நிற்க நேரும்.

எந்த அட்டை என்று ஒப்பிடும்போது, முதலில் கேட்கவேண்டியது ஆண்டுச் சந்தா உண்டா என்பது, இல்லாததே நலம். அடுத்தது, பில் போடும் தேதியும் கெடுத் தேதியும் எவை என்பது. நீங்கள் ஜவுளிக்கடையிலோ தனியார் பள்ளியிலோ மாதம் ஐந்தாம் தேதி சம்பளம் வாங்குகிறவரானால், கெடு எட்டிலிருந்து பத்துக்குள் விழவேண்டும். இருபத்தெட்டாம் தேதி விழுமானால், எவ்வளவு நல்ல எண்ணமுடையவரும் என்றாவது ஒரு மாதம் தவறுவார். அட்டைக்காரருக்குக் குறைந்தது ஒரு முறையாவது பில் சுற்றை மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கிறது; ஆகவே அட்டை கைக்கு வந்தவுடன் இதைக் கேட்டு வாங்குங்கள். தினப்படி வரும்படியுள்ள கடைக்காரர்கள், தேதியைக் காட்டிலும் பருவத்தைப் பார்க்கவேண்டும்: மண்டிக்கு மல்லாட்டை வரத்து ஓய்ந்த மாதங்களில் கடைவீதி முழுவதுமே மந்தமாகிவிடுவதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், அந்த மாதத்து வருமானத்தால் கட்ட முடிவதே உங்கள் செலவுக்கு எல்லை, தீபாவளி மாதத்து வருமானத்தால் கட்ட முடிவது அன்று. கெடு தாண்டினாலும் மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தவறியதாக அறிவிக்கலாம் என்று விதியிருப்பது உண்மையே. அது மழைக்கு ஒதுங்கும் தாழ்வாரம், அங்கேயே குடித்தனம் நடத்தக்கூடாது. குறைந்தது பதினைந்து நாளுக்கொரு தடவை வங்கிகள் பேரேட்டுக்குத் தகவல் அனுப்பவேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டபடியால், நல்லதும் பொல்லாததும் முன்னைவிட விரைவில் பதிவாகின்றன.

மூன்றாவது கேள்வி வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடும் நீங்கள், நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி போடும் அட்டையைப் பளபளப்பாக இருக்கிறதென்று சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுகிறீர்கள். பாக்கி 20,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் குறைந்தபட்சத் தொகை, அதாவது மினிமம் டியூ, ஐந்து சதவீதம் என்று 1,000 ரூபாய் காட்டும். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். வட்டி 700 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 126 ரூபாய், ஆக, ஆயிரத்தில் 826 போக, அசலில் கழிவது 174 ரூபாய்தான். பாக்கி நிற்கும் காலத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் அட்டை வட்டி வாங்குவது நியாயமற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்தது. அத்தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டபடியால், அந்த வேலியும் இப்பொழுது இல்லை. முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு வட்டி எவ்வளவானாலும் கவலையில்லை. கட்ட முடியாதவருக்கு எந்த வட்டியும் கட்டுபடியாகாது. ஏ.டி.எம்.மில் இந்த அட்டையால் ரொக்கம் எடுப்பதோ, எடுத்த நாள் முதல் வட்டியும் அதற்குமேல் கட்டணமும் கேட்கும் காரியம்; அதை மறந்துவிடுங்கள்.

வரம்பு 20,000 என்றால் ஆறாயிரத்துக்குள் செலவை நிறுத்துங்கள். மூன்றிலொரு பங்குக்குக் குறைவாகப் பயன்படுத்துகிறவரைப் பணத்துக்குத் திண்டாடாதவர் என்று பேரேடு கருதுகிறது. மின்கட்டணம், கைபேசிக் கட்டணம் போன்ற, எப்படியும் செலவழிக்கப் போகும் இரண்டொரு செலவை மட்டும் அதில் வைத்துக்கொண்டால் போதும். 2022 முதல் ரூபே அட்டைகளை யு.பி.ஐ.யோடு இணைத்து, டீக்கடைப் பலகையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்துக்குக் கைபேசியைக் காட்டியே செலவழிக்கும் வசதி வந்திருக்கிறது. சௌகரியந்தான், ஆனால் பத்தும் இருபதுமாகப் போகும் காசு சிட்டையில் ஏறாமல் நழுவும் என்பது மண்டிக்காரர்களின் பழைய அனுபவம்.

புள்ளிகள், தள்ளுபடிகள், விமான நிலையத்து ஓய்வறை என்று விளம்பரம் செய்யும் அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மேம்பாலத்தின் அடியில் வெயிலில் நின்று செஞ்சிக்குப் பஸ் பிடிக்கும் நமக்கு, மீனம்பாக்கத்து ஓய்வறையில் இலவசக் காப்பி கிடைத்தென்ன லாபம்? அக்காப்பியின் விலை ஆண்டுச் சந்தாவில் அடங்கியிருக்கிறது. கேளாமலே தேடிவரும் அட்டையை வாங்கவேண்டிய கட்டாயமும் இல்லை: உங்கள் சம்மதமின்றி அட்டையைக் கொடுத்துக் கட்டணம் விதித்தால், அக்கட்டணத்தைத் திருப்புவதோடு அதன் இரட்டிப்பை அபராதமாகவும் தரவேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பாக்கியில்லாத அட்டையை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலைநாளில் மூடவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய். வங்கியிடம் முறையிட்டு முப்பது நாளில் நியாயம் கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். என்னிடம் வந்தவர்களில் சரிபாதிப்பேர் தம் செலவினால் கெட்டவர்கள் அல்லர். மைத்துனனுக்குக் கைபேசி, சிநேகிதனுக்கு டி.வி., முதலாளி மகனுக்கு விமான டிக்கெட் என்று, ‘மாதாமாதம் நான் கொடுத்துவிடுகிறேன்’ என்ற பேச்சை நம்பி அட்டையை நீட்டியவர்கள். புதிய அட்டை வந்திருப்பதை யாரிடமும் சொல்லாதிருப்பதே தாட்சண்யத்திலிருந்து தப்பும் உபாயம்.

எல்லோருக்கும் அட்டை வேண்டும் என்பதும் என் கட்சியன்று. வங்கியில் நகைக்கடன் வைத்து, சொன்ன தேதியில் மீட்கும் பெண்மணிகளும், குழுக்கடன் தவணையை வாராவாரம் தவறாமல் கட்டுகிறவர்களும் அதே பேரேட்டில் நல்ல எழுத்தாக எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கையில் காசிருந்தால் செலவழித்துவிடும் சுபாவம் தமக்கு உண்டு என்று நிச்சயமாக அறிந்தவர்கள் அந்த வழியிலேயே போகட்டும். அட்டை எடுக்காததனால் எவருடைய நாணயமும் குறைந்துவிடாது.

என் காரியம் எப்படி என்று கேட்பீர்கள். 20,000 ரூபாய் வைப்பின் பேரில் ஓர் அட்டை எடுத்து இருபத்தெட்டு மாதம் ஆகிறது. மின்கட்டணமும் மருந்துச் செலவும் அதில். பில் வந்த மறுநாளே முழுவதும் கட்டிவிடுகிறேன். 600க்குக் கீழே கிடந்த எண் 700ஐத் தாண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு பெண் அழைத்து, வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தட்டுமா என்று கேட்டாள். வேண்டாமம்மா, என் மருந்துக்கடைக்காரர் அவ்வளவு விற்பதில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கக் கடன் கிடைத்தது. அதன் தவணை ஏழாம் தேதி, அதை அவளே கட்டுகிறாள்.

அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, சுருக்கெழுத்துகள் புரியவில்லை என்பதுதான் உங்களில் பலருடைய குறை. அச்செடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணைக்கு வாருங்கள். வரிக்கு வரி தமிழில் சொல்லுகிறேன். எண் எவ்வளவு என்று நான் கேட்கமாட்டேன்; எந்தத் தேதியில் சம்பளம் வருகிறதென்று மட்டும் கேட்பேன்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை,
திண்டிவனம்.